வேல்ஸின் பழைய கல்வீடு: கைவைக்கும் முன் தெரியவேண்டிய தவறுகள்

வேல்ஸில் பழைய கல்வீடு ஒன்றை வாங்கியவர்கள் பலரும் முதலில் செய்வது, கல் இடுக்குகளைச் சிமெண்டால் அடைப்பது. அந்த வீட்டுக்கு இதைவிடப் பெரிய கெடுதல் இல்லை.

சுவரைப் புரிந்துகொண்டால் காரணம் விளங்கும். தடிமன் பெரும்பாலும் 60 செ.மீ. அளவில் இருக்கும். வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை என்று கல் அடுக்கி, நடுவில் மண்ணும் சில்லுக்கல்லும் நிரப்பியிருப்பார்கள். எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது மண்ணோ சுண்ணாம்புக் காரையோதான். மழையில் கொஞ்சம் ஈரம் உள்ளே போகும். காற்றடிக்கும்போது காரை வழியாகவே வெளியேறும். சிமெண்ட் விறைப்பானது. நாளடைவில் மயிரிழை விரிசல் விடும். அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும், ஆனால் காய வழியிருக்காது. ஓதம் ஏறும். சுவருக்குள் புதைந்த உத்தரத்தின் முனை சத்தமில்லாமல் உளுத்துப்போகும். ஓதத்தைக் கண்டு பயந்து உட்புறம் நீர்புகாப் பெயிண்ட் அடித்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

சிமெண்டைப் பொறுமையாகப் பெயர்த்துவிட்டு, சுண்ணாம்புக் காரை வைத்து வெள்ளையடியுங்கள். உறைபனி விழும் மாதங்களில் இந்த வேலை வேண்டாம். அப்புறம், வீட்டைச் சுற்றி மண் மேடேறியிருந்தால் முதலில் அதைத் தாழ்த்திப் பாருங்கள். சில வீடுகளில் பாதி ஓதம் அதிலேயே குறைந்துவிடும்.

அடுத்த தவறு, இடம் வேண்டும் என்று பரணைப் பிடுங்குவது. இந்தப் பரணை அங்கே 'க்ரோக்லாஃப்ட்' என்பார்கள், தொங்கும் பரண் என்று பொருள். ரோஸ்ட்ரிவன் ஊரிலிருந்து பிரித்தெடுத்து, கார்டிஃப் அருகே செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் மறுபடி கட்டிய லைன்வாடின் என்ற 1762ஆம் ஆண்டு வீட்டைப் பாருங்கள். ஒரே அறை. ஒரு கோடியில் கணப்பு, மறுகோடியில் பெட்டிக்கட்டில்கள், அவற்றின் மேல் பலகை பரப்பிய பரண். ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதை அந்தப் பரண்தான் சொல்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கல்கூடு.

சுவரின் தடிமனை வைத்து வயது சொல்வதும் தவறு. 19ஆம் நூற்றாண்டிலும் இப்படித்தான் கட்டினார்கள். 'டீ இன்னோஸ்', அதாவது ஓரிரவு வீடு என்ற கதையையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். பொது நிலத்தில் ஒரே இரவில் வீடு எழுப்பி, விடியும்போது புகைபோக்கியில் புகை வந்துவிட்டால் இடம் சொந்தம் என்பது மக்கள் நம்பிக்கை. சட்டம் அதை ஏற்றதில்லை. கேப்பல் கியூரிக் ஊருக்குப் பக்கத்தில் உள்ள 'டீ ஹில்' என்ற கல்வீடு 15ஆம் நூற்றாண்டில் அப்படி எழுந்தது என்பார்கள். அதற்குச் சான்றில்லை. அதன் பாறைகளைப் பார்த்தாலே ஓரிரவு வேலையாகத் தோன்றாது. உத்தர மரத்தின் வளையங்களைக் கொண்டு வயது கணிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்பதே சரி.

கடைசியாக, அனுமதி. வேல்ஸ் அரசின் மரபுச்சின்ன அமைப்பான 'கடூ'வின் பட்டியலில் வீடு இருந்தால் வெளிப்புறம் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் பரணும் பாதுகாப்புக்குள் வரும். ஒப்புதல் இல்லாமல் வீட்டின் தன்மையை மாற்றுவது குற்றம். பழைய சொந்தக்காரர் செய்த மாற்றத்தைச் சரிசெய்யும் பொறுப்புகூட உங்கள் தலையில் விழலாம். அதனால் விலை பேசும்போதே பழைய ஒப்புதல் கடிதங்களைக் கேட்டு வாங்குங்கள்.