விலா நரம்பு வலிக்கு மின் கருவி: அவசரப்படுவதும் ஆறப்போடுவதும்

விலாவில் சுருக்கென்று குத்தினால் கடலூர்ப் பக்கத்தில் அதற்கு உடனே கிடைக்கும் பெயர் வாயுப் பிடிப்பு. பூண்டு, ஓமத் தண்ணீர், தைலம் என்று மாதங்கள் ஓடிவிடுகின்றன. இடது மார்போடு சேர்ந்த வலி என்றால் இந்த வைத்தியத்துக்கெல்லாம் இடம் கொடுக்காமல், முதலில் இசிஜி எடுத்து இதயத்தைப் பார்த்துவிட வேண்டும்.

நாட்பட்ட விலா நரம்பு வலிக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று அக்கி. முதுகிலிருந்து மார்பு வரை, நரம்பு ஓடும் வழியிலேயே, ஒரே பக்கமாகக் கொப்புளம் பட்டையாகக் கிளம்பும். காவிமண் குழைத்து அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. நம்பிக்கையோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் உடைந்த கொப்புளத்தில் மண் படக்கூடாது. அதைவிட முக்கியம், கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற வைரஸ் தடுப்பு மருந்தைத் தொடங்கிவிடுவது. எழுதி முடித்துக் காத்திருக்கும்போது அந்தக் கெடு கடந்துவிடுகிறது.

விலா முறிவு, மார்பைத் திறந்து செய்த அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்குப் பிறகும் இந்த வலி தங்கிவிடலாம். சட்டை உரசினாலே எரியும். தும்மினால் உயிர் போகும். கேபாபென்டின், பிரிகேபலின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளை அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பல வாரம் பார்க்க வேண்டும். அடுத்து நரம்பை மரக்கச் செய்யும் ஊசி இருக்கிறது. நான்கு நாள் விழுங்கிவிட்டுக் கேட்கவில்லை என்று, உடலுக்குள் பொருத்தி நரம்புக்குச் சிறு மின் துடிப்பு அனுப்பும் கருவிக்குத் தாவுவது பணத்துக்கும் உடம்புக்கும் நஷ்டம்.

கருவி புதிதல்ல. வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் முதுகுத் தண்டிலேயே ஒரு கதவு உண்டு என்று மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965-இல் சொன்னார்கள். அந்தக் கதவை மின் துடிப்பால் சாத்தும் முயற்சியாக 1967-இல் நார்மன் ஷீலி என்ற அமெரிக்க மருத்துவர், நுரையீரல் புற்றுநோயால் மார்பு வலியில் தவித்த ஒருவருக்கு முதல் கருவியைப் பொருத்தினார். இன்று மெல்லிய கம்பியை முதுகுத் தண்டின் உறைக்கு வெளியிலோ, நரம்பு வேருக்கு அருகிலோ, விலா நரம்பை ஒட்டியோ வைக்கிறார்கள். பேட்டரிப் பெட்டி பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே தோலுக்கடியில் இருக்கும். இது வலியை அடக்கும். நரம்பின் காயத்தை ஆற்றாது. முழுவதும் போய்விடும் என்று எதிர்பார்த்தவர்கள்தான் பிறகு கருவியைத் திட்டுகிறார்கள்.

நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன், கம்பியை மட்டும் வைத்துச் சில நாள் சோதனை நடக்கும். வலி பாதியாவது குறைந்தால்தான் அடுத்த கட்டம். என் பார்வையில் மொத்தச் சிகிச்சையிலும் மதிப்புள்ள நாட்கள் இவை. பலர் கட்டிலில் படுத்தே கழித்துவிடுகிறார்கள். படுத்திருப்பவருக்கு வலி குறைந்ததா, ஓய்வில் அடங்கியதா என்று எப்படித் தெரியும்? குனியாமல், முறுக்காமல், கையைத் தலைக்கு மேல் தூக்காமல் வழக்கமான வேலைகளைச் செய்ய வேண்டும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை நடக்கலாம், எரிச்சல் தந்த அதே சட்டையைப் போடலாம். இரவு எத்தனை முறை விழித்தீர்கள் என்பது உட்பட எல்லாவற்றையும் நோட்டில் குறித்துவையுங்கள். பாதி குறையவில்லை என்றால், வீட்டார் எவ்வளவு வற்புறுத்தினாலும், லட்சக்கணக்கில் செலவாகும் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல் அறுவை அறைக்குப் போனால் கிருமித்தொற்றை அழைத்ததாகும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை மறைக்கவும் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது.

பொருத்திய பிறகு ஆறு முதல் எட்டு வாரம் கம்பி நகராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடலூர் முதுநகரில் வலை இழுப்பவரும், வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்குபவரும் இதைத்தான் மீறுகிறார்கள். இன்னொரு ஆபத்து தோள் வலிக்கு, முழங்கால் வலிக்கு என்று பிசியோதெரபியில் வைக்கும் டையதெர்மி என்ற மின் அலை வெப்பச் சிகிச்சை. உடலின் எந்தப் பகுதியில் வைத்தாலும் அந்த ஆற்றல் கம்பி வழியே பாய்ந்து நரம்புத் திசுவைச் சுட்டுவிடக்கூடும். எனவே கருவி பொருத்தியிருப்பதைச் சொல்லும் அட்டையைப் பர்ஸில் வைத்திருந்து, எங்கே போனாலும் முதலில் காட்டுங்கள். எம்ஆர்ஐ எடுக்கலாமா, எந்த நிபந்தனையில் என்பதைக் கருவி தேர்ந்தெடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

பேட்டரியில் சார்ஜ் ஏற்றும் வகையும் உண்டு, ஏற்றாத வகையும் உண்டு. ஏற்றாததைச் சில ஆண்டுகளில் மறுபடி அறுத்து மாற்ற வேண்டும். ஏற்றுவது அதைவிட நெடுநாள் உழைக்கும். ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த பிறகு இந்தக் கடற்கரையில் பல நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை மறக்க முடியாது. சார்ஜ் தீர்ந்தால் பொதுவாக உயிருக்கு ஆபத்தில்லை, வலிதான் திரும்பி வரும். ஐப்பசி பிறந்ததும் புயல் எச்சரிக்கையைக் கேட்டவுடனே முழுவதுமாக ஏற்றிவிடுங்கள். இன்வெர்ட்டர் இல்லாத வீடு என்றால் அதையும் வகையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.