டீக் கப்புக்குச் சூடு தாங்கும் காகித உறை: வீட்டிலேயே அளவெடுத்துச் செய்வது எப்படி?

வேலூர் காந்தி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் என் சித்தி டீக்கடை வைத்திருக்கிறார். சுற்றிலும் லாட்ஜுகள். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் தங்கியிருப்பவர்கள்தான் கடைக்கு அதிகம் வருகிறார்கள். அதில் பாதிப் பேர் வங்காளம், வடகிழக்குப் பக்கத்துக்காரர்கள். நோயாளிக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று இரண்டு கப்பைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறவேண்டும். சூடு தாங்காமல் பத்து அடிக்குள் கப்பைக் கீழே வைத்துவிட்டுக் கையை உதறுவார்கள். பாஷை தெரியாதவர்கள் கப்பைத் தட்டிக் காட்டி இரண்டு விரலை நீட்டுவார்கள். கப்புக்குள் கப் வைத்துத் தரச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒரு டீக்கு இரண்டு கப் குப்பைக்குப் போவது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த இரண்டாவது கப்பின் வேலையை, அலை அலையாக மேடு பள்ளமுள்ள ஒரு துண்டு நெளி அட்டை இன்னும் நன்றாகச் செய்யும். காபி ஷாப்களில் கப்பைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை வருமே, ஸ்லீவ் என்பார்கள், அதுதான். அமெரிக்காவில் போர்ட்லாண்டைச் சேர்ந்த ஜே சோரன்சன் என்பவர், 1989இல் மகளைப் பள்ளியில் விடப் போனபோது சூடான காபியை மடியில் கொட்டிக்கொண்டார். அதன் பிறகு அவர் உருவாக்கிய ஸ்லீவுக்கு 1995இல் காப்புரிமை கிடைத்தது. அடிப்படை எளிதுதான். நம் வீட்டு மேஜையிலேயே செய்யலாம்.

முதலில், சூட்டைத் தடுப்பது எது?

காகிதம் என்று நினைப்போம். பெரும்பகுதி வேலையைச் செய்வது காற்று. அசையாமல் அடைபட்ட காற்று, காகிதத்தைவிடக் குறைவாகத்தான் சூட்டைக் கடத்தும். நெளி அட்டையின் மேடுகள் மட்டும் கப்பைத் தொடும், பள்ளங்களில் காற்று நிற்கும். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும்போது ஈரக் கரித்துணியால் பிடித்தவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். துணியின் இழைகளுக்குள் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் சூடு நேராகக் கைக்கு வந்துவிடும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் சூட்டைக் கடத்துகிறது. ஆகவே உறை நனையக் கூடாது, நெளி நசுங்கக் கூடாது. கீழே சொல்லும் படிகளில் பாதி இந்த இரண்டுக்காகத்தான்.

என்ன வேண்டும்?

பேக்கிங் சாமான் விற்கும் கடையில் 2 ப்ளை கொரகேட்டட் ரோல் என்று கேளுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் நெளியாகவும் இருக்கும். கண்ணாடிச் சாமான் சுற்றுகிற பெரிய நெளி வேண்டாம். ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள பொடி நெளியாகப் பார்த்து வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் ஒரு வழி இருக்கிறது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை மெல்லிய குச்சிகள் மாதிரி வெட்டி, சார்ட் பேப்பரின் உள்பக்கம் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் நெட்டாக ஒட்டிக்கொள்ளலாம்.

மற்றபடி ஸ்கேல், பிளேடு, நூல், குண்டூசி, மாஸ்கிங் டேப், துணி கிளிப், கொஞ்சம் மைதா. அவ்வளவுதான்.

அளவெடுப்பது

நான் முதலில் செய்த தவறு, நீளமான செவ்வகமாக வெட்டிச் சுற்றியது. மேலே பிடித்தது, கீழே அகலமாக வாயைப் பிளந்து நின்றது, கப்பைத் தூக்கியதும் உறை நழுவியது. என் தாய்மாமா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் கட்டிங்கில் பல வருஷம் இருந்தவர். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "இன்னாம்மா, நேரா வெட்டினு கீற? கப்பு சாஞ்சில்ல கீது!"

ஷூவுக்குத் தோல் வெட்ட, கால் வடிவ அச்சின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன் மேலேயே கோடு போட்டு, கீறி உரித்துத் தட்டையாக ஒட்டுவார்கள். வளைந்த உருவம் தட்டைக் காகிதத்தில் என்ன வடிவமாக வரும் என்பதை அது அப்படியே காட்டிவிடும். கப்புக்கும் அதையே செய்தோம்.

கப் அமுங்காமல் இருக்க அரிசியை நிரப்பிக்கொள்ளுங்கள். மாஸ்கிங் டேப்பை நெட்டாக ஒரு சுற்று, குறுக்காக ஒரு சுற்று ஒட்டுங்கள். உறையின் மேல் விளிம்பு, கப்பின் வாயிலிருந்து 2 சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும். குடிக்கும்போது உதட்டில் படாது, சிந்தினாலும் உடனே நனையாது. கோடு நேராக வர ஒரு வழி: நாலு புத்தகத்தை அடுக்கி அதன்மேல் பேனாவைப் படுக்கவைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, முனையில் கப்பை உரசவிட்டுச் சுற்றுங்கள். அதேபோல் கீழே இன்னொரு கோடு. நெட்டாக ஒரு கோடு போட்டு, அதில் பிளேடால் மெல்லக் கீறி உரித்து, ஒரு அட்டையில் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள்.

வானவில் மாதிரி ஒரு வளைவு வரும். மேல் விளிம்பு நீளம், கீழ் விளிம்பு குட்டை. இதுதான் உங்கள் கப்பின் உண்மையான உருவம்.

அட்டையின் கனத்தையும் கணக்கில் சேர்ப்பது

இந்த டேப் அச்சை வைத்து மெல்லிய காகிதத்தில் வெட்டினால் கச்சிதமாகப் பொருந்தும். நெளி அட்டையில் வெட்டினால் ஒட்டும் இடத்தில் முனைகள் ஒன்றை ஒன்று எட்டாது. நெளி உள்ளே இருப்பதால் வெளிக் காகிதம் கப்பைவிட்டுத் தள்ளிச் சுற்றுகிறது, கூடுதல் நீளம் கேட்கிறது. "தோலுக்கும் கனம் விட்டுத்தான் வெட்டுவோம்" என்றார் மாமா.

கணக்கு இதுதான். அட்டையின் கனத்தை 6ஆல் பெருக்கிச் சுற்றளவோடு சேர்க்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் 9 மில்லிமீட்டர்.

என் 250 மில்லி கப்பில் நூலைச் சுற்றி அளந்தபோது மேல் கோட்டில் 23.5 சென்டிமீட்டர், கீழ்க் கோட்டில் 19. இரண்டு கோட்டுக்கும் நடுவே சாய்வாக 5.5. கனத்தைச் சேர்த்தால் மேல் சுற்று 24.4, கீழ்ச் சுற்று 19.9. இனி வளைவின் ஆரம் வேண்டும். மேல் சுற்றைச் சாய்வு உயரத்தால் பெருக்கி, இரண்டு சுற்றுகளின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். 24.4 × 5.5 ÷ 4.5, அதாவது 29.8 சென்டிமீட்டர். அதில் 5.5ஐக் கழித்தால் உள் வளைவின் ஆரம் 24.3.

இவ்வளவு பெரிய வட்டம் பள்ளிக்கூடக் காம்பஸில் வராது. நூலைக் கட்டி இழுத்தும் பார்த்தேன், அது நீண்டு கோடு பிசகியது. 32 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு அட்டைப் பட்டையை வெட்டி, ஒரு முனையில் குண்டூசி குத்துங்கள். அங்கிருந்து 24.3இல் ஒரு துளை, 29.8இல் ஒரு துளை. துளையில் பென்சிலை விட்டு இழுத்தால் இரண்டு வளைவும் சுத்தமாக வந்துவிடும். வெளி வளைவின் மேல் நூலை வைத்து 24.4 அளந்து இரண்டு முனைகளையும் குறியுங்கள். முனைக்கோடுகள் குண்டூசிப் புள்ளியைப் பார்த்தபடி இறங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டுவதற்கு ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலாக விடுங்கள்.

உங்கள் கப் வேறு அளவாக இருக்கும். எண்ணை மாற்றிப் போட்டால் போதும். வந்த வளைவை டேப் அச்சின் மேல் வைத்துப் பாருங்கள். உங்கள் வளைவு கொஞ்சம் நீளமாக, அநேகமாக அதே வளைவாக இருந்தால் கணக்கு சரி. முற்றிலும் வேறாக இருந்தால் எங்கோ கூட்டல் பிசகியிருக்கிறது.

வெட்டுவது

டேப் அச்சை அல்ல, கணக்குப் போட்டு வரைந்த வளைவையே அச்சாக, நெளிக் கோடுகள் கப்பின் வாயிலிருந்து அடிக்கு ஓடும்படி வையுங்கள். வளைவின் நடுக்கோடு நெளியோடு ஒத்துப் போனால் போதும், ஓரங்களில் கொஞ்சம் சாய்வதைத் தவிர்க்க முடியாது. திசை மாற்றி வெட்டினால் அட்டை வளையாது, மடிந்து முறியும். ஒரு வளைவுக்குக் கீழே அடுத்த வளைவை ஒட்டினாற்போல் வரைந்தால் அட்டை வீணாவது குறையும். பிளேடை ஒரே அழுத்தாக அழுத்தாமல் லேசாக இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். அழுத்தினால் ஓரத்து நெளி நசுங்கும்.

கடைப் பெயரோ படமோ வேண்டுமானால் ஒட்டுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். எழுத்தையும் வளைவாகத்தான் எழுதவேண்டும். ஸ்கேல் வைத்து நேர்க்கோட்டில் எழுதினால், கப்பில் சுற்றியதும் நடு எழுத்து தொங்கி ஓரங்கள் மேலே ஏறிவிடும். அட்டைப் பட்டையில் 27 சென்டிமீட்டரில் இன்னொரு துளை போட்டு மங்கலாக ஒரு கோடு இழுத்துக்கொண்டால் எழுத்து அதன்மேல் உட்காரும்.

ஒட்டுவது

ஒரு ஸ்பூன் மைதாவை ஆறு ஸ்பூன் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறி, கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்குங்கள். அட்டைத் தொழிற்சாலையிலும் நெளியை ஒட்டுவது ஸ்டார்ச் பசைதான். பைண்டிங் வேலை செய்பவர்கள் பூச்சி வராமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவதுண்டு. இதில் போடாதீர்கள். அது விஷம், இது கையிலும் வாய்க்குப் பக்கத்திலும் இருக்கப்போகிற பொருள். தேவையானபோது கொஞ்சமாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள். செல்லோ டேப்பும் வேண்டாம், அப்புறம் அது காகிதக் குப்பையில் சேராது.

கூடுதலாக விட்ட பட்டையின் உள்பக்கத்து நெளியை ஈர விரலால் தடவி, ஊறியதும் உரித்து எடுத்துவிடுங்கள். வழவழப்புக் காகிதம் மட்டும் நிற்கும். தோலில் தையல் வரும் ஓரத்தை இழைத்து மெல்லிசாக்குவதை ஸ்கைவிங் என்பார்கள், அதே வேலைதான் இது. மாமா அதை விரல் நுனியாலேயே செய்தார். கட்டைவிரலை ஓரத்தில் வைத்து ஒரே இழுப்பு, நெளி முழுசாக ரிப்பன் மாதிரி கையோடு வந்தது. எனக்கு ஐந்தாறு அட்டை கிழிந்த பிறகுதான் வந்தது. இப்படிச் செய்தால் ஒட்டுமிடம் புடைக்காது.

நெளி உள்ளே இருக்கும்படி சுற்றி, உரித்த பட்டையை மறுமுனையின் மேல் ஒட்டித் துணி கிளிப்பைப் பட்டையில் மட்டும் மாட்டுங்கள். நிழலில் காயட்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் வைத்தால் பசை சீக்கிரம் இறுகும், ஆனால் அட்டை கோணிக்கொள்ளும்.

கடைக்கு நிறையச் செய்வதாக இருந்தால், ஒட்டிய உறையை எதிரெதிரே இரண்டு இடத்தில் நெளிக்கோட்டை ஒட்டி மடித்துத் தட்டையாக அடுக்கலாம். நூற்றுக்கணக்கில் வேண்டும் என்றால், பெட்டி செய்யும் இடங்களில் அச்சைக் கொடுத்து, டை என்கிற வெட்டும் அச்சு போட்டுப் பஞ்ச் செய்து வாங்குவது நல்லது.

சோதித்துப் பார்ப்பது

முதலில் கொதித்த தண்ணீரில் சோதியுங்கள், கப்பைத் தட்டின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். கப்பை விட்டுவிட்டு உறையை மட்டும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். கப் கீழே நழுவினால் உறை பெரிது, இரண்டு மில்லிமீட்டர் குறைத்து ஒட்டுங்கள். உறை பாதியிலேயே நின்று மேலே ஏற மறுத்தால் சிறிது. அழுத்தி ஏற்றினால் நெளி நசுங்கி, செய்த வேலை வீண்.

சித்தியின் கடையில் வெறும் கப்பைப் பிடித்து நான் பத்து எண்ணுவதற்குள் கை மாற்ற வேண்டியிருந்தது. உறையோடு ஒரே கையில் பிடித்தபடி முழு டீயையும் குடித்தேன். கொஞ்சம் சூடு தெரிந்த இடம் உறை ஒட்டிய இணைப்பு மட்டும்தான்.

கப் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் உண்டு. பிளாஸ்டிக் பூச்சு இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். உறைக்கும் லேமினேஷன் வேண்டாம்.

நனையாத உறையைச் சிலர் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சித்தி வாங்கிக்கொள்கிறார், ஆனால் அடுத்தவருக்குப் போடுவதில்லை. வருபவர்கள் ஆஸ்பத்திரி வார்டுக்குள் போய்வருபவர்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கூடை வைத்திருக்கிறார், சாயங்காலம் பழைய பேப்பர்காரர் வந்து எடுத்துப் போகிறார்.