பேஸ்போல் ஒப்பந்தத்தை எப்படிப் பார்ப்பது?

வெள்ளவத்தையில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, 2024 டிசம்பரில் நியூயோர்க் மெட்ஸ் அணி ஹுவான் சோட்டோவை 15 வருடத்துக்கு 765 மில்லியன் டொலர் கொடுத்து எடுத்தது தலைசுற்றும் சங்கதிதான். தொகையை விடுங்கள், முதலில் வயதைப் பாருங்கள். சோட்டோவுக்கு அப்போது 26. ஆல்பர்ட் பூஹோல்ஸ் ஏஞ்சல்ஸ் அணியோடு 10 வருடத்துக்குக் கையெழுத்திட்டபோது 31. பழைய அடி திரும்பவே இல்லை, கடைசி வருடமான 2021இல் பாதியிலேயே அனுப்பிவிட்டார்கள், ஆனாலும் மேஜர் லீக்கில் (அமெரிக்காவின் உச்ச பேஸ்போல் லீக்) ஒப்பந்தப் பணம் பொதுவாக உத்தரவாதம் என்பதால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அப்புறம் வீரருக்கு நடுவில் விலகும் உரிமை இருக்கிறதா என்று தேடுங்கள், ருசியே அங்கேதான். பந்து எறிபவர் பிளேக் ஸ்னெல் 2024இல் ஜயன்ட்ஸோடு 2 வருடம், 62 மில்லியனுக்குச் சேர்ந்தார். 'ஐயோ பாவம், இவ்வளவுதானா' என்று சொன்னவர்கள் கவனிக்காதது, முதல் வருடம் முடிந்ததும் விலகலாம் என்ற வரியை. நன்றாக எறிந்தார், விலகினார், டொட்ஜர்ஸிடம் 5 வருடம், 182 மில்லியன் வாங்கினார். சரியாகப் போகாமல் இருந்திருந்தால் இரண்டாம் வருடப் பணம் கையில் இருந்திருக்கும். அணிக்கு இதில் லாபம் கொஞ்சம்தான்.

பணம் எப்போது வருகிறது என்பதையும் பாருங்கள்: டொட்ஜர்ஸ் வீரர் ஓடானியின் 700 மில்லியனில் 680 மில்லியன் 2034இலிருந்துதான் வரும், வட்டியும் இல்லை.

என்னைக் கேட்டால், 30 தாண்டிய பந்து எறிபவருக்கு 3 வருடத்துக்கு மேல் கொடுக்கவே மாட்டேன்.