மதுவை விட்டவர் சிகரெட்டையும் விடுவதற்கு

சிகரெட்டை விட்டால் மறுபடி குடிக்கத் தொடங்கிவிடுவோமோ என்று மதுவை நிறுத்தியவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. புகையை விடுவது மதுவிலிருந்து விலகியிருக்கவும் துணைசெய்கிறது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. எழுந்த 30 நிமிடங்களுக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு புகைக்கும் ஆசையைத் தணிக்கும் 4 மி.கி. நிக்கோட்டின் சூயிங்கமும் மற்றவருக்கு 2 மி.கி.யும் பொருந்தும், அதை ஓயாமல் மெல்லாமல், காரம் தெரியும்வரை மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி, காரம் அடங்கியபின் மீண்டும் மெல்ல வேண்டும். முதல் சில நாட்களின் எரிச்சலும் தூக்கமின்மையும் குடிக்கும் ஆசையைப் போலவே தோன்றக்கூடும் என்பதால், அப்போது தனித்திருக்காமல் நம்பிக்கையான ஒருவரை உடனே அழையுங்கள். புகை நின்றதும் காஃபீன் உடலில் கூடுதல் நேரம் தங்கிப் படபடப்பைக் கூட்டும். ஆகவே காபியைப் பாதியாகக் குறையுங்கள். புகைப்பதை நிறுத்த உதவும் புப்ரோபியான் மாத்திரையால், மதுவை நிறுத்திய புதிதில் வலிப்பு வரும் அபாயம் உண்டு. மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.