கல்யாணப் பவர்பாயிண்டை டிவிடியில் ஓடும்படி மாற்றுதல்

காங்கயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் இருக்கும் எங்கள் அமுச்சியிடம் (அம்மாவின் அம்மா) கணினி கிடையாது. டிவிடி பிளேயரும் பழைய படக்குழாய் டிவியும்தான் உண்டு. தம்பி கல்யாணத்தின் இணைச்சீர் முதல் மங்கல வாழ்த்து வரை 120 ஸ்லைடுகளாக அடுக்கி, அந்தப் பவர்பாயிண்ட் கோப்பை அப்படியே வட்டில் பதிந்து கொடுத்தேன். பிளேயர் அதைத் தொடவே இல்லை. பிளேயருக்குத் தெரிந்தது எம்பெக்-2 என்ற வீடியோ சுருக்க முறையில் அமைந்த டிவிடி வீடியோ மட்டுமே என்பதால், ஸ்லைடுகளை முதலில் வீடியோவாகவும், பிறகு அந்த வீடியோவை டிவிடி வடிவத்துக்கும் மாற்ற வேண்டும்.

பார்க்கப்போகும் டிவியை மனத்தில் வைத்துத்தான் ஸ்லைடை அமைக்க வேண்டும். படக்குழாய் டிவி என்றால் டிசைன் பகுதியில் ஸ்லைடு அளவை 4:3 என்றும், தட்டைத்திரை என்றால் 16:9 என்றும் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மாற்றினால் படங்கள் இடம் பெயர்ந்துவிடும். பழைய டிவிகள் படத்தின் ஓரங்களைத் திரைக்கு வெளியே தள்ளிவிடும். நான் இடது ஓரத்தை ஒட்டி எழுதியிருந்த 'காங்கயம்' அமுச்சி வீட்டில் 'ங்கயம்' என்றுதான் தெரிந்தது. ஆகவே நான்கு பக்கமும் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு, எழுத்தைப் பெரிதாகவும் தடிப்பாகவும் வையுங்கள். இங்கு வழங்கும் பால் (PAL) என்ற டிவி முறைப்படி அமைந்த டிவிடியில் படம் 720க்கு 576 புள்ளிகள்தான் என்பதால் மெல்லிய கோடுகள் நடுங்கும்.

அடுத்தது நேரம். பவர்பாயிண்ட் தானாக ஒரு ஸ்லைடுக்கு 5 நொடி தருகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பெரியவர்களுக்கு அது போதாது. குறிப்பை நீங்களே வாய்விட்டு இரண்டு முறை படித்துப் பார்த்து, அதற்கு ஆகும் நேரத்தை வைப்பதே சரி. சராசரி 8 நொடி என்றால் 120 ஸ்லைடும் 16 நிமிடத்தில் முடியும்.

பிறகு ஃபைல், எக்ஸ்போர்ட், கிரியேட் எ வீடியோ என்று போய், 720பி அல்லது 1080பி தரத்தைத் தேர்ந்தெடுங்கள். 480பி டிவிடியின் 576 வரிகளை விடக் குறைவு. 2013 பதிப்பு முதல் எம்பி4 கோப்பு கிடைக்கும். 2010 பதிப்பில் டபிள்யூஎம்வி கிடைக்கும். தமிழ் எழுத்துரு நிறுவியுள்ள கணினியிலேயே இதைச் செய்துவிட வேண்டும். வீடியோவான பிறகு எழுத்து படத்தோடு படமாகிவிடுவதால், வேறு எந்தக் கருவியிலும் கட்டம் கட்டமாக மாறாது.

வட்டு எழுத, இலவசமாகக் கிடைக்கும் டிவிடிஸ்டைலர் என்ற மென்பொருள் போதும். புதிய திட்டம் தொடங்கும்போது பால் முறையையும் திரை விகிதத்தையும் குறித்து, வீடியோவைச் சேர்த்து, எழுதும் கட்டளையைக் கொடுங்கள். 4.7 ஜிபி வட்டில் சாதாரணத் தரத்தில் சுமார் 2 மணி நேரம் அடங்கும். 16 நிமிட வீடியோவுக்கு நொடிக்கு 8 மெகாபிட் கொடுத்தாலும் 1 ஜிபியைத் தாண்டாது என்பதால் தரத்தைக் குறைக்க வேண்டியதில்லை. முடிந்ததும் வட்டில் வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் எம்பி4 கோப்பு மட்டும் இருந்தால் அது வெறும் தரவு வட்டுதான்.

பழைய பிளேயருக்கு, திரும்ப எழுதும் வட்டை விட ஒரே முறை எழுதும் டிவிடி-ஆர் பொருத்தமானது. எழுதும் வேகத்தை 4 மடங்கில் வையுங்கள். முதல் வட்டை, பார்க்கப்போகிறவர் வீட்டுப் பிளேயரிலேயே கடைசி ஸ்லைடு வரை ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான், சொந்தக்காரர்களுக்கான பிரதிகளை எழுதத் தொடங்க வேண்டும்.