கிளாஸ்ல பிள்ளைங்களை பாக்குறதுல நாம பண்ற தவறுகள்

பி.எட் டீச்சிங் பிராக்டிஸ் போகும்போது "எல்லா பிள்ளைங்களையும் பாத்து நடத்துங்க"ன்னு கண்டிப்பா சொல்லி அனுப்புவாங்க, ஆனா எதுக்கு பாக்கணும்னு பொறுமையா உக்காந்து சொல்றவங்க ரொம்ப கம்மி. அதனால புதுசா வர்ற டீச்சருங்க நிறைய பேர் பார்வைன்னா கிளாஸை அடக்குறதுக்கான ஆயுதம்னு எடுத்துக்கறாங்க. என்னை கேட்டா டீச்சர் கண்ணோட முதல் வேலை யாருக்கு புரியுது, யார் எந்த இடத்துல நின்னு போயிட்டாங்கன்னு தெரிஞ்சுக்கறதுதான். இத மனசுல வச்சுக்கிட்டா கீழ சொல்ற தவறுகள் பாதி தானா குறையும்.

ரொம்ப சாதாரணமா நடக்குறது போர்டை பாத்து பாடம் நடத்துறது. கணக்கு டீச்சருங்க கிட்ட இது ஜாஸ்தி. (a+b)² விரிவாக்கம் எழுதும்போது வாயும் கையும் சேர்ந்தே ஓடும், நாலு வரி முடிச்சு திரும்பி "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா "புரிஞ்சுது சார்"னு கோரஸா வரும். ஆனா ரெண்டாவது வரில 2ab எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாம ஒரு பொண்ணு பேனாவை நிறுத்தி பக்கத்து நோட்டை எட்டிப் பாத்த அந்த நொடி போயிடுச்சு, இனி அது திரும்ப வராது. ஒரு வரி எழுதுங்க, வாயை மூடிக்கிட்டு எழுதுங்க, எழுதிட்டு திரும்பி பிள்ளைங்களை பாத்து பேசுங்க. கொஞ்சம் லேட் ஆகும், பரவால்ல. ஸ்மார்ட் போர்டு வந்த பிறகும் இதே கதைதான், டீச்சரும் பிள்ளைங்களும் சேர்ந்து ஸ்கிரீனை பாத்துட்டு இருக்காங்க, யாரும் யாரையும் பாக்கறதில்ல.

அடுத்தது முதல் பெஞ்சுக்கு மட்டும் நடத்துறது. முன்னாடி உக்காந்து தலையாட்டுற பிள்ளைய பாத்தா நமக்கு தெம்பா இருக்கும், அதனால கண்ணு திரும்ப திரும்ப அங்கயே போகும். 1970-லயே ஆடம்ஸ், பிடில்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கிளாஸ்ரூம் வீடியோக்களை வச்சு பாத்தப்ப டீச்சரோட பேச்சு வார்த்தையெல்லாம் பெரும்பாலும் முன்வரிசையிலயும் நடு வரிசையிலயும் இருக்கறவங்களோடதான் நடக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. சுவர் ஓரமா, ஜன்னல் ஓரமா, கடைசி பெஞ்சில இருக்கற பிள்ளை வருஷம் முழுக்க டீச்சர் கண்ணுல படாமலே அரையாண்டு, முழு ஆண்டுன்னு போயிட முடியும். சில பிள்ளைங்க அதுக்குன்னே அங்க போய் உக்காருவாங்க, அவங்களைத்தான் நாம அதிகமா தேடணும்.

நம்ம ஊர் கோ-எஜுகேஷன் ஸ்கூல்ல இன்னொண்ணு இருக்கு, இதப்பத்தி வெளிப்படையா யாரும் பேசறதில்ல. பொண்ணுங்க ஒரு பக்கம், பசங்க ஒரு பக்கம்னு உக்கார வச்சிருப்பாங்க. சின்ன வயசு ஆண் ஆசிரியர்கள் எங்க தப்பா நினைச்சுக்குவாங்களோன்னு பொண்ணுங்க பக்கம் திரும்பவே மாட்டாங்க, பாடம் மொத்தமும் பசங்க பக்கமே போகும், கேள்வியும் அங்கேயே. அந்த பயம் நியாயமானதுதான், நான் குறை சொல்லல, ஆனா பாதி கிளாஸ் அதுக்கு விலை குடுக்குது. முகத்தை பாருங்க, ஒரு வாக்கியம் சொல்ற நேரத்துக்கு பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே அளவு பாருங்க, அதுல யாருக்கும் சங்கடம் வராது.

சரி எல்லாரையும் பாக்கணும்னு முடிவு பண்ணிட்டு டேபிள் ஃபேன் மாதிரி இந்த கோடிலேருந்து அந்த கோடிக்கு கண்ணை ஓட்டுறதும் பிரயோஜனம் இல்லாத வேலை. யார் மேலயும் பார்வை நிக்கலன்னா யாரும் தன்கிட்ட பேசறதா நினைக்க மாட்டாங்க. ஒரு வாக்கியத்தை ஒரு பிள்ளைகிட்ட சொல்லி முடிங்க, அடுத்த வாக்கியத்தை வேற மூலைல இருக்கற பிள்ளைகிட்ட சொல்லுங்க, அவ்வளவுதான்.

கேள்வி கேக்குற விதத்துலயும் தப்பு நடக்குது. முதல்லயே ஒருத்தனை பாத்துக்கிட்டு கேள்வியை ஆரம்பிச்சா மத்தவங்க எல்லாம் அப்பாடான்னு விட்டுடுவாங்க. பொதுவா கேளுங்க, கிளாஸ் மொத்தத்தையும் ஒரு சுத்து பாருங்க, கொஞ்சம் பொறுத்து பேரை சொல்லுங்க. மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க கல்வியாளர் டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு எவ்வளவு நேரம் காத்திருக்காங்கன்னு அளந்து பாத்தாங்க, சராசரியா ஒரு செகண்ட் கூட தேறல. அதை மூணு செகண்டா நீட்டினா பிள்ளைங்க பதில் நீளமாகுது, பதிலே சொல்லாதவங்க கூட வாய் திறக்கறாங்கன்னு தெரிய வந்துச்சு.

இப்ப எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கற விஷயத்துக்கு வரேன். கேள்வி கேட்டதும் பிள்ளை கண்ணை மேல தூக்கி யோசிக்கும், உடனே நாம என்ன சொல்றோம், "அங்க என்ன பாக்குற, மோட்டுவளைல எழுதியிருக்கா?" கிளாஸே சிரிக்கும், அந்த பிள்ளைக்கு வர இருந்த பதிலும் போயிடும். ஸ்காட்லாந்துல ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்துல டோஹர்ட்டி ஸ்னெடன்னு ஒரு உளவியலாளரும் அவங்க குழுவும் இத வருஷக்கணக்குல ஆராய்ஞ்சிருக்காங்க. கேள்வி கஷ்டமாக ஆக பிள்ளைங்க எதிர்ல இருக்கறவங்க முகத்துலேருந்து பார்வையை அதிகமா விலக்குறாங்க, எட்டு வயசு பிள்ளைங்க இதை நல்லா பண்றாங்க, அஞ்சு வயசுல அவ்வளவா இல்ல. 2006-ல வந்த அவங்க ஆய்வுல அஞ்சு வயசு பிள்ளைங்களுக்கு யோசிக்கும்போது வேற பக்கம் பாக்க பழக்கி விட்டாங்க, பதில்கள் இன்னும் நல்லா வந்துச்சு. முகத்தை பாக்கறதுக்கே மூளைக்கு வேலை இருக்கு, யோசிக்கும்போது அந்த வேலையை கொஞ்சம் இறக்கி வைக்குது, அவ்வளவுதான். அதனால கண்ணை விலக்குற பிள்ளைய பதில் தெரியாம முழிக்குதுன்னு எடுத்துக்காதீங்க. நீங்களும் அந்த நேரத்துல உத்துப் பாக்காம புத்தகத்தையோ போர்டையோ பாத்துக்கிட்டு இருந்தா அதுக்கு பெரிய உதவி.

திட்டும்போது நடக்குறது இதவிட மோசம். வீட்ல பெரியவங்க திட்டினா தலையை குனிஞ்சு நிக்கணும்னு சொல்லி வளத்திருக்கோம், அதுதான் மரியாதைன்னு பிள்ளை நம்புது. ஸ்கூல்ல "என் கண்ணைப் பாத்து பதில் சொல்லு"ன்னு அதட்டுறோம், சரின்னு நிமிந்து பாத்தா "என்னடா முறைக்கிற?" இந்த ரெண்டுக்கும் நடுவுல அந்த பையன் எங்க போவான்? எட்டாவது, ஒன்பதாவது பசங்க கிட்ட இப்படித்தான் சின்ன விஷயம் பெருசாகி ஹெச்.எம் ரூம் வரைக்கும் போகுது. எல்லார் முன்னாடியும் கண்ணுக்கு கண்ணு நிக்க வைக்காதீங்க. பீரியட் முடிஞ்சதும் வராண்டால பக்கத்துல நின்னு பேசுங்க, அவன் தரையை பாத்தாலும் காது உங்ககிட்டதான் இருக்கும்.

அப்ப ஒழுங்குக்கு பார்வை உதவாதான்னா நல்லாவே உதவும். ஜேக்கப் கூனின்னு ஒருத்தர் கிளாஸ்ரூம் ஒழுங்கு பத்தி ஆராய்ஞ்சு 1970-ல எழுதினதுல முக்கியமான விஷயம் இது: நல்லா நடக்குற கிளாஸுக்கும் நடக்காத கிளாஸுக்கும் வித்தியாசம் டீச்சர் எப்படி கண்டிக்கிறார்ங்கறதுல வரல, கிளாஸ்ல என்ன நடக்குதுன்னு டீச்சருக்கு தெரியும்னு பிள்ளைங்களுக்கு தெரியுதாங்கறதுலதான் வந்துச்சு. மூணாவது பெஞ்சில பேச்சு ஆரம்பிக்கும்போதே பாடத்தை நிறுத்தாம ஒரு பார்வை, கூட ரெண்டு அடி அந்த பக்கம் நடை, போதும். முறைக்க வேண்டிய அவசியமே இல்ல.

ஆட்டிசம் இருக்கற பிள்ளைங்களுக்கு கண்ணைப் பாக்கறதே வேதனையா இருக்கலாம். பாக்கலன்னா கேக்கலன்னு அர்த்தம் கிடையாது, கட்டாயப்படுத்தவே கூடாது. அதே மாதிரி ஒரு பிள்ளை கண்ணை சுருக்கி, தலையை சாய்ச்சு போர்டை பாத்தா கேலி பண்ணுதுன்னு நினைக்கறதுக்கு முன்னாடி பார்வை சரியா இருக்கான்னு பாருங்க, கண்ணொளி காப்போம் திட்டத்துல ஸ்கூல் பிள்ளைங்களுக்கு கண்ணை செக் பண்ணி இலவசமா கண்ணாடி தர்றாங்க.

உங்க பார்வை எங்க போகுதுன்னு உங்களுக்கே தெரியாது, அதான் இதுல இருக்கற சிக்கல். கூட வேலை பாக்குற ஒரு டீச்சரை கடைசி பெஞ்சில உக்கார சொல்லி, கிளாஸ்ல யார் எங்க உக்காந்திருக்காங்கன்னு ஒரு பேப்பர்ல கட்டம் போட்டு குடுங்க. நீங்க யாரை பாத்து பேசறீங்க, யார்கிட்ட கேள்வி கேக்கறீங்கன்னு அந்தந்த கட்டத்துல ஒரு புள்ளி வைக்க சொல்லுங்க. பீரியட் முடிஞ்சதும் புள்ளியே விழாத கட்டம் எதெதுன்னு பாத்து, மறுநாள் பாடத்தை அந்த பிள்ளைங்க பக்கத்துல நின்னு ஆரம்பிங்க.