ஸ்டீபன் டக்ளஸ் பத்தி எழுதறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

19ஆம் நூற்றாண்டு அமெரிக்க அரசியல்வாதி ஸ்டீபன் டக்ளஸ்னு சொன்னா முக்காவாசி பேரு "லிங்கன்கிட்ட விவாதத்துல தோத்தவர்தானே"ன்னு ஒரே வரில முடிச்சிடறாங்க. அந்த வரியே தப்பு. 1858ல இல்லினாய்ஸ்ல ஏழு ஊர்ல நடந்த விவாதம் ஜனாதிபதி பதவிக்கு இல்ல, செனட் சீட்டுக்கு. அப்பெல்லாம் செனட்டரை மாநில சட்டசபைதான் தேர்ந்தெடுக்கும், 1859 ஜனவரில 54க்கு 46னு ஜெயிச்சது டக்ளஸ்.

அடிமையா பிறந்து தப்பிச்சு வந்து போராடின ஃபிரடெரிக் டக்ளஸ் வேற ஆளு, போட்டோவையே மாத்தி போடறவங்க இருக்காங்க. நம்ம ஸ்டீபன் வெள்ளைக்கார வக்கீல், 1813ல வெர்மான்ட்ல பிறந்து 27 வயசுலயே இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்ற ஜட்ஜ் ஆனவர்.

என்னைக் கேட்டா பெரிய தப்பே ரயிலை விட்டுட்டு அவரோட அரசியலை மட்டும் படிக்கிறதுதான். இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில்வே அவரோட கம்பெனின்னு சிலர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, அவர் செனட்டரா இருந்து 1850ல அதுக்கு சட்டம் வாங்கிக் குடுத்தவர். அரசாங்கம் பணம் குடுக்கல, நிலம் குடுத்துச்சு. எப்படின்னா, பாதைக்கு ரெண்டு பக்கமும் ஆறு மைல் வரைக்கும் நிலத்தை சதுர மைல் கட்டமா பிரிச்சு ஒண்ணு விட்டு ஒண்ணு மாநிலத்துக்கு, மாநிலம் அதை அப்படியே கம்பெனிக்கு, மொத்தம் கிட்டத்தட்ட 26 லட்சம் ஏக்கர். மீதி கட்டத்தை அரசாங்கம் தன்கிட்டயே வச்சுக்கிட்டு ஏக்கர் ஒண்ணேகால் டாலரை ரெண்டரை டாலர் ஆக்கிடுச்சு, கஜானாவுக்கு நஷ்டமே இல்லைன்னு கணக்கு! தெற்கு மாநில ஓட்டு வேணுமேன்னு பாதையை அலபாமாவோட மொபீல் வரைக்கும் இழுத்து அவங்களுக்கும் நிலத்துல பங்கு குடுத்தார், கில்லாடி. ஆனா எல்லாம் பொதுநலம்னும் எழுதிடாதீங்க, சிகாகோல அவருக்கே நிலம் இருந்துச்சு, ரயில் வர வர விலை ஏறுச்சு.

1854 கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டமும் இந்த ரயில்ல இருந்துதான் ஆரம்பிக்குது. பசிபிக் போற லைன் சிகாகோவுல இருந்து கிளம்பணும்னா நடுவுல இருக்கற பகுதிக்கு ஒரு அரசு அமைப்பு வேணும், அதுக்கு தெற்குக்காரங்க ஓட்டு வேணும், அவங்க கேட்ட விலை அந்தப் பகுதில அடிமை முறை கூடாதுன்னு 1820ல போட்ட தடையை எடுக்கறது, இவரு எடுத்துட்டார். அடிமை முறை வேணும்னவங்களும் வேண்டாம்னவங்களும் மோதி கன்சாஸ்ல ரத்தம் ஓடுச்சு, வடக்குல ஊர் ஊரா இவர் கொடும்பாவியை எரிச்சாங்க. அடிமை விஷயத்துல இவரு நடுநிலைன்னு சொல்றதையும் அப்படியே நம்பாதீங்க, மிசிசிப்பில மனைவி பேர்ல இருந்த தோட்டத்தையும் அங்க இருந்த அடிமைகளையும் மேற்பார்வை பார்க்க வருமானத்துல பங்கு வாங்கினவர்.

இன்னொண்ணு, டக்ளஸ் ரயில்வே ஆளு, லிங்கன் ஏழைங்க வக்கீல்னு பிரிக்கறது. லிங்கனும் அதே இல்லினாய்ஸ் சென்ட்ரலுக்கு வக்கீலா இருந்தவர்தான், ஒரு வரி கேஸை ஜெயிச்சுக் குடுத்துட்டு 5,000 டாலர் ஃபீஸுக்காக 1857ல அந்த கம்பெனி மேலயே கேஸ் போட்டு வாங்கினார்.

1860 ஜனாதிபதி தேர்தலை பார்க்கறப்ப எலக்டோரல் ஓட்டை (மாநில வாரியா கணக்காகி ஜனாதிபதியை முடிவு பண்ற ஓட்டு) மட்டும் பார்க்காதீங்க, அதுல 12 வாங்கி நாலு பேர்ல கடைசி, மக்கள் ஓட்டுல லிங்கனுக்கு அடுத்து இவர்தான். தோத்த பிறகு தெற்கு பக்கம் சாய்ஞ்சார்னு எழுதறதும் தப்பு, 1861 ஏப்ரல்ல வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் ஆரம்பிச்சதும் லிங்கனை நேர்ல பார்த்து ஆதரவு சொல்லிட்டு, இல்லினாய்ஸ் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்ட் சட்டசபைல போய் நாட்டை விட்டு பிரிஞ்சு போன தெற்குக்காரங்களை எதிர்த்து பேசினார், ஜூன் 3ல சிகாகோல காய்ச்சல்ல செத்துட்டார், வயசு 48தான்.